இருவரும் ஒத்துக்கொண்ட சாமான்கள்

ஜூன் 3, திங்கள்
பெண்டிகோ. இங்கே இது குளிர்காலம், காலை ஏழு மணிக்கு நான்கு டிகிரி.

மகள் சுடரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இருபத்தொன்பதாவது வாரம். நச்சுக்கொடி இறங்கிவந்து கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் கொஞ்சம் ரத்தம் பட்டது, இப்போது நின்றுவிட்டது. ஆனாலும் குழந்தை பிறக்கும்வரை வீட்டுக்கு விடமாட்டார்களாம். அவளே இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். தான் விரித்துப்போடும் கட்டிலில் தானே படுத்திருப்பது சிரிப்பாக வருகிறது என்றாள். எனக்கு வரவில்லை.

நான் பேறுகாலம் பார்க்க வந்து பதினெட்டு நாள் ஆகிறது. நவம்பர் வரை விசா. இனி இந்த வீட்டில் நானும் சுடரின் கணவரும் மட்டும். பெயர் சிவரூபன், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிறார். இலங்கைக்காரர், வன்னிப் பக்கம். எட்டு வருடத்துக்கு முன்பு மெல்போர்னில் நடந்த கல்யாணத்துக்குப் போக எனக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் பழக்கம் போதாது.

விருதுநகரில் பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தேன். நாள், நேரம், அளவு எழுதிவைக்காவிட்டால் எனக்கு எந்த வேலையும் முடிந்த மாதிரி இருக்காது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

ஜூன் 5, புதன்

இன்று வீட்டில் பேசிய சொற்கள்: அவர் பதினொன்று, நான் ஐந்து.

ஜூன் 8, சனி

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ரசம் சூடாக இருக்கிறதா என்று நான் சுடரிடம் கேட்டேன். மாமிக்குக் குளிருக்குக் கம்பளிக் காலுறை வேணுமோ என்று அவர் சுடரிடம் கேட்டார். சுடர் தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் என்னைப் பாக்க வர்றீங்களா, இல்ல என்னை நடுவுல வச்சு டெலிபோன் பேச வர்றீங்களா?” என்றாள்.

பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தாள். இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் தங்கம் எடுத்தார்கள். மிச்சம் மீதியைத் தேடி இன்றைக்கும் ஆட்கள் சனி ஞாயிறுகளில் காட்டுக்குள் போகிறார்கள். அவள் கணவருக்கும் மூன்று வருடமாக அதே ஆசை. தனியாகக் காட்டுக்குப் போக வேண்டாம் என்று அவள்தான் தடுத்து வைத்திருக்கிறாள். இப்போது அனுமதி கொடுத்தாள். நிபந்தனை இரண்டு. என்னையும் கூட்டிப்போக வேண்டும். தேவையான சாமான்களை நாங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் சரி என்று சொன்ன சாமான் மட்டும்தான் வீட்டுக்குள் வரலாம்.

என் வயதைச் சொல்லி மறுத்தேன். “உனக்கு அறுபத்தொண்ணுதாம்மா. முட்டி ரெண்டும் நல்லா இருக்கு. நான் நர்ஸ், எனக்குத் தெரியும்” என்றாள். கட்டிலில் கிடக்கிற பிள்ளையோடு என்ன வாதாடுவது. சரி என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

தங்கம் தேட அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் இரண்டு வாங்கியிருக்கிறார், என் பெயரிலும் ஒன்று. பத்து வருடத்துக்குச் செல்லும் என்றார். நவம்பரில் போகிறவளுக்குப் பத்து வருடம் எதற்கு? வீண். சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்தேன்.

ஜூன் 15, சனி

தங்கம் தேடும் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் டெரன்ஸுக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளை மீசை, விரல்களில் மண் கறை. உள்ளே சுவர் முழுக்க டிடெக்டர்கள் தொங்குகின்றன. நீளக் கம்பின் அடியில் வட்டத் தட்டு. தரைக்கு மேலே அதை வீசிக்கொண்டே நடந்தால், அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் சத்தம் கொடுக்கும். சுடரின் கணவர் அவற்றின் எதிரே நின்றது, பொங்கலுக்கு முதல் நாள் ஜவுளிக்கடைக் கண்ணாடி முன் பிள்ளைகள் நிற்பது மாதிரி இருந்தது.

டெரன்ஸ் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். இந்தப் பக்கத்து மண்ணில் இரும்பு அதிகம். மலிவான கருவி வெறும் மண்ணுக்கும் கல்லுக்கும் சேர்த்துக் கத்தும். நல்லது வாங்கினால் பழக மாதக் கணக்காகும். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. முதல் நாளே மாணவியின் கையில் எடைத் தராசைக் கொடுப்பதில்லை. சோதனைக் குழாயைக் கழுவக் கற்றுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

கீழ்த்தட்டில் பச்சை நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருந்தது. அகலமான வாய், சரிவான சுவர், ஒரு பக்கம் மட்டும் உள்ளே வரி வரியாக மேடு. மண்ணையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றினால் லேசானது வழிந்துவிடும், கனமானது வரிகளில் தங்கும். கறுப்பு மணலும் மஞ்சள் தங்கமும் தெளிவாகத் தெரியத்தான் பச்சை நிறம். கையில் எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டினேன். வேறொன்றுமில்லை, அரிசியில் கல் அரிக்கிற அதே வேலை. அங்கே அரிசி வழிந்து கல் நிற்கிறது, இங்கே கல் வழிந்து தங்கம் நிற்க வேண்டும். டெரன்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டு என்றேன். அவர் டிடெக்டர் என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே சாமான் வாளி. இருபது லிட்டர், நீல நிறம்.

சுடர் சிரித்ததில் பக்கத்து அறை நர்ஸ் ஓடிவந்துவிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

பரிசோதனை. இடம்: துணி துவைக்கும் அறைத் தொட்டி.

பழைய சக்கரத்தில் எடைக்கு வைக்கும் ஈயத் துண்டு ஒன்றைச் சிவரூபன் பணிமனையிலிருந்து கொண்டுவந்து, கடுகளவுத் துண்டுகள் பத்தாக நறுக்கினார். தோட்டத்து மண்ணில் அதைக் கலந்து, தட்டு இல்லாததால் எவர்சில்வர் பேசினில் போட்டு அரிக்க வேண்டும். பத்தில் எத்தனை மிஞ்சுகிறது என்பது கணக்கு. யோசனை அவருடையது. நல்ல யோசனை.

பேசினைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அது சுத்தமாகத்தானே இருக்கிறது என்றார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுணுக்கமான துகள் தண்ணீரில் மிதந்து போய்விடும் என்று சொன்னேன். தங்கத்தின் அடர்த்தி பத்தொன்பது புள்ளி மூன்று, மணலுக்கு இரண்டரைக்குச் சற்று மேல், அந்த வித்தியாசம்தான் நம் கூலி என்றும் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போல.

முடிவு: முதல் தடவை எனக்கு ஏழு, அவருக்கு நான்கு. இரண்டாவது தடவை எனக்குப் பத்து, அவருக்கு மூன்று.

“வடிவா இருக்கு மாமி” என்றார். திடுக்கிட்டுத் திரும்பினேன். என் பெயர் சண்முகவடிவு. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவர்கள் ஊரில் வடிவு என்றால் அழகாம். சுடரிடம் சொன்னபோது, அது தெரியாமலா எட்டு வருஷம் கழிச்சே என்று கேட்டாள். 

திங்களன்று பணிமனையிலிருந்து வரும் வழியில் தட்டை வாங்கி வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டாவது ஒப்பந்தம்.

ஜூன் 19, புதன்

தட்டு, அரை அங்குலச் சல்லடை, துகளை உறிஞ்சி எடுக்கும் சிறு குப்பி ஆகியவை வந்துவிட்டன. ரப்பர் பூட்ஸ் எனக்கு ஆறாம் நம்பர். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் புட்டு அவித்தார். கத்திரிக்காய்க் குழம்பு நான் வைத்தேன். சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டேன், எண்ண முடியவில்லை.

ஜூன் 22, சனி

டிடெக்டரை வாங்கும் முன்பு ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று டெரன்ஸ் சொல்லியிருந்தார். அதற்கு மட்டும் நான் சரி என்றேன். காலையில் காட்டுக்குப் போனோம். பட்டை கறுத்த யூக்கலிப்டஸ் மரங்கள், இடையே பழைய குழிகள், வெள்ளைக் கல். ஒரு மனிதர் இல்லை. கங்காரு இரண்டு நின்று பார்த்துவிட்டுப் போயின.

மதியம் வரை கிடைத்தவை: ஆணி ஒன்பது, பாட்டில் மூடி ஆறு, ஈயக் குண்டு நான்கு, மத்தி மீன் டப்பா ஒன்று, லாடத்தில் பாதி.

எனக்கு எரிச்சலாக இருந்தது ஆணியால் அல்ல. அவர் தோண்டிய விதத்தால். சத்தம் வந்ததும் கருவியை அணைத்து ஓரமாக வைப்பார். சத்தம் வந்த இடத்தை மிதிக்க மாட்டார். ஒரு சாண் தள்ளிக் குப்புறப் படுத்து, பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டிக்கொண்டு வருவார். ஒரு ஆணிக்கு இருபது நிமிடம். மண்வெட்டியை வாங்கி நானே மேலிருந்து ஒரு கொத்துக் கொத்தப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அதுவரை அவர் விரல்கூட என்மேல் பட்டதில்லை. உடனே விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சாதம். எங்கே இப்படித் தோண்டக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தனான் மாமி. சண்டை முடிஞ்ச பிறகு ரெண்டு வருசம். மேலால கொத்தக் கூடாது. பக்கத்தாலதான் வரவேணும்.”

அங்கேயும் இதே மாதிரி சத்தம் போடும் கருவிதானாம். முந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்திருக்கிறார். எண்ணிக்கை சரியாக நினைவிருக்கிறது. அவர்கள் பகுதியில் சனங்கள் வயலுக்குத் திரும்பினார்கள் என்றார். கூட வேலை செய்த ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.  இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தேன்.

அந்தச் சத்தத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்தவருக்குத் திரும்பவும் இந்தக் கருவி எதற்கு என்று கேட்டேன்.

“அங்க சத்தம் கேட்டா மூச்சு நிண்டிடும். ஒருநாளும் சத்தம் கேட்டுச் சந்தோசப்பட்டதில்லை மாமி. ஒருக்கா எண்டாலும் அந்தச் சத்தத்துக்குக் கீழ நல்ல சாமான் ஒண்டு இருக்கவேணும். அவ்வளவுதான்.”

பிற்பகலில் இன்னும் ஐந்து ஆணி. எனக்கு எரிச்சல் வரவில்லை. ஒவ்வொரு குழியையும் மூடி மேலே சருகு போட்டு மிதித்துவிட்டுத்தான் வந்தோம். மூடாமல் விடக் கூடாது என்பது இங்கே சட்டம்.

ஜூன் 23, ஞாயிறு

டிடெக்டர் வாங்கலாம் என்று சுடரிடம் சொன்னேன். ஏன் மனம் மாறியது என்று கேட்டாள். இங்கே தண்ணீர் ஓடும் ஓடைகள் குறைவு, காய்ந்த பள்ளங்களில் தட்டு உதவாது, கருவி அவசியம் என்று விளக்கினேன். காரணம் சரியானதுதான். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

சிவரூபன்தான் இப்போது வேண்டாம் என்றார். குழந்தை வந்து, சுடர் வீட்டுக்கு வந்தபிறகு நிதானமாக வாங்குவோம், அதுவரை வாடகைக் கருவி போதும் என்றார். அது மூன்றாவது ஒப்பந்தம்.

ஜூன் 29, சனி

மழை. ஓடைக்கரையில் ஒரு வாளி மண் அரித்தேன். பளபளவென்று மஞ்சளாக ஏழெட்டுத் துகள். சிவரூபன் கத்தியே விட்டார். ஊசியால் அழுத்தினேன், தகடு தகடாக உதிர்ந்தது. காக்காப்பொன். தங்கமானால் மெத்தென்று குழியும், நிழலில் பிடித்தாலும் மின்னும். அவர் பாவம், மதியம் வரை அந்த உதிரியையே கிளறிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் இருவரும் சூடாக உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றோம். சுடருக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி
காலை இரண்டு டிகிரி. நல்ல வெயில்.

இன்றைக்கு நிதானமாக எழுத வேண்டும்.

இடம்: ஓடைக்கு மேலே, ஒரு காய்ந்த பள்ளத்தின் வளைவு. பத்தே காலுக்குக் கருவி சத்தம் கொடுத்தது. ஆணிக்கு வரும் சத்தம் மாதிரி இல்லை. கூச்சப்படுகிற பிள்ளை வருகைப்பதிவுக்குக் குரல் கொடுப்பது மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற சத்தம். சிவரூபன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். எனக்கும் கேட்டது.

அவர் படுத்து, பக்கத்திலிருந்து சுரண்டினார். ஒரு முழ ஆழத்தில் அடிப்பாறை வந்துவிட்டது. பாறையில் ஒரு விரிசல், அதில் களிமண். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கருவி மட்டும் இருக்கிறது இருக்கிறது என்கிறது. விரிசலில் இருந்ததை எல்லாம் பழைய கரண்டியால் வழித்து வாளியில் போட்டோம். கால் வாளிகூட இல்லை. ஓடைக்குத் தூக்கிப்போனோம். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

தண்ணீர் பனிக்கட்டி. களிமண்ணைப் பிசைந்து கரைக்கவே பத்து நிமிடம். பிறகு சல்லடை, பிறகு அரிப்பு. கல் போயிற்று, மணல் போயிற்று, கறுப்பு மணல் நகம் அளவுக்கு நின்றது. விரல் மரத்துவிட்டது. கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தட்டைச் சாய்த்தேன். கறுப்பு மணல் மெல்ல முன்னால் நகர, பின்னால் மஞ்சள் ஒன்று நகராமல் நின்றது. நொய்யரிசி அளவு. அதன் பக்கத்தில் தூசி மாதிரி இன்னும் மூன்று.

நிழலில் பிடித்தேன். மின்னியது. ஊசியால் தொட்டேன். குழிந்தது.

 அவர் ஒரு விரலை நீட்டி அதைத் தொட்டுவிட்டு, விரலைத் தன் சட்டையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். நான் சிரிக்க மட்டும் செய்தேன் என்று எழுதலாம்.

சாயங்காலம் குப்பியைச் சுடரின் கையில் கொடுத்தோம். யார் கண்டுபிடித்தது என்றாள். மாமிதான் என்றார் அவர். மாப்பிள்ளைதான் என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைக் கவனித்தேன். அவர்கள் இருவரும் கவனித்தார்கள் போலிருக்கிறது.  சுடர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மறுபடி ரத்தம், இந்த முறை அதிகம். மாப்பிள்ளை பணிமனையிலிருந்து நேராக வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் போவதற்குள் அறுவை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். முழு மயக்கம், ஆகவே அவருக்கும் உள்ளே அனுமதி இல்லை.

நடையில் இரண்டு நாற்காலி. அவர் கைகள் நடுங்கின. முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை நடுங்காத கை. பார்க்க முடியவில்லை. என் இரண்டு கைக்குள்ளும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது பேசினால் நல்லது என்று தோன்றியது. எதையோ பேசப் போய் இதைத்தான் பேசினேன்.

“மாப்பிள்ளை, ஒங்க கல்யாணத்துக்கு எனக்கு விசா கிடைக்கலைன்னு சொன்னேன்ல. நான் விண்ணப்பமே போடலை.”

“தெரியும் மாமி.”

“எப்பத்துல இருந்து?”

“அப்பவே தெரியும். நீங்கள் பயந்தனீங்கள். ஆரெண்டு தெரியாதவனுக்கு ஒரே பிள்ளையைக் குடுக்கிறதெண்டா பயம்தானே. இப்ப எனக்கு விளங்குது.”

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். முப்பத்து நான்கு வாரம். தானாக மூச்சு விடுகிறாள். சுடருக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்று மணிக்குக் கண் விழித்தவள் முதலில் கேட்டது, அம்மா சாப்பிட்டாளா என்று.

ஜூலை 10, புதன்

குழந்தையின் கை என் சுண்டுவிரலைப் பிடித்தது. இறுக்கமாக.

ஜூலை 15, திங்கள்

சுடர் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில். மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொண்டுபோகிறோம். மாப்பிள்ளை வண்டி ஓட்ட, நான் பாட்டிலைப் புடவைக்குள் சூடாக வைத்துக்கொள்கிறேன். எடை இரண்டு கிலோ இருநூற்று முப்பது.

ஜூலை 27, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயர் இசையினி. இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது. அழுகை நல்ல கனம், பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்கிறது. வேறு எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் 10, சனி
பதினோரு டிகிரி. வாசலில் வாட்டில் மரம் முழுக்க மஞ்சள் பூ.

டிடெக்டர் வாங்கும் நாள். தூங்குகிற குழந்தையோடு தூங்கப் போகிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்று சுடர் எங்களைத் துரத்திவிட்டாள்.

இந்த முறை வாதமே இல்லை. நடுத்தரமான ஒன்று, எடை குறைவு. மண்ணுக்குத் தகுந்த மாதிரி தானே சரிசெய்துகொள்ளும். கம்பின் நீளத்தை என் உயரத்துக்கும் குறைக்கலாம். அதை மாப்பிள்ளைதான் முதலில் சோதித்தார். காட்டில் வீசிப் பழக ஒரு வெள்ளிக் காசைத் தரையில் போட்டு டெரன்ஸ் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றி நடக்க வைத்தார். நான் வீசுவது சீராக இருக்கிறது, அவர் அவசரப்படுகிறார் என்றார். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

உத்தரவாதச் சீட்டில் யார் பெயரைப் போடுவது என்று டெரன்ஸ் கேட்டார். மாமியின் பெயர்தான் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். டெரன்ஸ் என்னையும் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆமாம், என் அம்மா என்றார்.

எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆனால் மாமியார் என்பதற்கு அதில் என்ன சொல் என்று நன்றாகத் தெரியும். டெரன்ஸ் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார், திருத்திச் சொல்வதற்கு நேரமும் இருந்தது.

பேனாவை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.